எதிரே வராதவள்

சோலைவாசல் நகரின் விளம்பரத்தில் 'எல்லாமே நடக்கிற தூரத்தில்' என்று போட்டிருந்தது. வீடு விற்கிறவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிற சுகந்திகூட, குடிவந்த பிறகு அதில் ஒரு பொய்யையும் கண்டுபிடிக்கவில்லை. கொன்றைத் தெருவில் காய்கறிக் கடை, மருந்துக் கடை, ஜாக்கெட் தைக்கிற கடை, சாயங்காலம் பஜ்ஜி போடுகிற கடை. தெருக்கோடியில் மெட்ரோ. மெட்ரோவுக்கும் அவள் குடியிருந்த முல்லை பிளாக்குக்கும் நடுவில் பெரிய பூங்கா. சென்னைக்குள் பாதி ஆயுளை நெரிசலில் கழித்தவளுக்கு, மாமியார் இல்லாத புகுந்த வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய வசதி ஒன்றும் அங்கே உண்டு. அதற்கு 'இசைவு' என்று பெயர். நகரில் இருக்கும் எல்லோருடைய மணிக்கட்டிலும் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். கேட்டைத் திறப்பதும் அதுதான், லிஃப்டைக் கூப்பிடுவதும் அதுதான், மெட்ரோவுக்கு டிக்கெட்டும் அதுதான். நடக்கும்போது லேசாக அதிரும். இரண்டு தரம் அதிர்ந்தால் கொஞ்சம் நில் என்று அர்த்தம். விடாமல் அதிர்ந்தால் வேறு வழியாகப் போ. கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அது சொல்கிறபடி போனால் வரிசையில் நிற்க வேண்டாம், முட்டிக்கொள்ள வேண்டாம், பிடிக்காத முகம் ஒன்றுகூட எதிரே வராது. காலையில் மெட்ரோவுக்குப் போகும்போது எதிரே வருகிற அத்தனை பேரும் எப்படித்தான் சிரித்த முகமாகவே இருக்கிறார்கள் என்று சுகந்தி வியந்திருக்கிறாள்.

அப்படிப்பட்ட ஊரில், அவளுடைய சொந்த அக்கா இரண்டு வருடமாக ஒரு தடவைகூட எதிரே வரவில்லை.

மஞ்சுளா அக்கா வேறு எங்கோ இருந்தால் பரவாயில்லை. பூங்காவுக்கு அந்தப் பக்கம், மகிழம் பிளாக்கில் இருந்தாள். சுகந்தி பால்கனியில் நின்றால் அக்கா வீட்டு அடுக்களை விளக்கு தெரியும். ராஜ்மோகன் மாமா இறந்துபோன பிறகு, "தனியா எதுக்குக்கா கிடக்கிற, என் கண் முன்னாடி இரு" என்று பிடிவாதம் பிடித்து அந்த வீட்டைப் பார்த்துக் குடிவைத்ததே சுகந்திதான். மாமா காரியத்தன்று அக்காவின் வளையலை உடைக்க வந்த சொந்தக்காரப் பெண்களைத் தள்ளி நிறுத்தியதும் அவள்தான். "இந்த வீட்ல அதெல்லாம் நடக்காது. பொட்டும் அழிக்கக் கூடாது, பூவும் எடுக்கக் கூடாது" என்று அவள் கத்தியதை இன்றைக்கும் உறவில் கதையாகச் சொல்கிறார்கள். சுகந்திக்குத் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ள மிகவும் பிடித்த விஷயம் அது.

அதனால்தான் இப்போது கோபம் அதிகமாக வந்தது.

"உங்க பெரியம்மாவுக்கு நம்மள விட்டா யார் இருக்காங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள் பூங்காவுல, கடையில, எங்கயாவது கண்ணுல படுறாளா? வேணும்னே ஒதுங்கிப் போறா" என்றாள், காப்பியை மேஜையில் வைத்துக்கொண்டே.

மகள் ஆதிரை போனில் மருதாணி மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம்.

"நீ போய்ப் பாரேம்மா. தோ இருக்கு வீடு."

"நான் ஸ்கூலையும் பார்த்து, உன் கல்யாணத்தையும் பார்த்து... அவ ரிட்டயர் ஆனவதானே, அவ வரக் கூடாதா? கூப்பிட்டா, நடக்க முடியலடி, முட்டி வலிங்கிறா. அஞ்சு நிமிஷ நடைக்கு முட்டி வலியாம்."

"பெரியம்மா வந்துதான் எனக்குப் பூ வைக்கணும். நான் தருண் வீட்ல சொல்லிட்டேன். அவங்களும் சந்தோஷமா சரின்னுட்டாங்க."

"நான் வேண்டாம்னா சொன்னேன்? முதல்ல சொன்னதே நான்தான்."

கணவன் குமரகுரு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "கையில கட்டியிருக்கிற பேண்டு ஏதாவது ரிப்பேரா இருக்கும். நம்ம ஆதிரையும் தருணும் பாரு, தினமும் அதே மெட்ரோ, அதே பெட்டி, அதே கதவு. மாசக்கணக்கா மோதி மோதித்தான் காதலே வந்துச்சு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் அது நேர்மாறா வேலை செய்யுது. ஆபீஸ்ல போய்க் கேளு."

"அப்பா! அது எதேச்சையா நடந்தது."

"ஆமாமா, எதேச்சை. ஒரே ஆளைத் தினமும் எதேச்சையா பார்த்தா அதுக்குப் பேரு வேற."

சிரிப்பின் நடுவில் சுகந்திக்கு வேறொன்று தோன்றியது. ரிப்பேர் இல்லை. அக்காதான் போய் எழுதிக் கொடுத்திருக்கிறாள், என் தங்கை என் கண்ணில் படக் கூடாதென்று. செய்த உதவியெல்லாம் சில பேருக்குப் பாரமாகிவிடும்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக இசைவு அலுவலகத்துக்குப் போனாள். மெட்ரோ வாசலை ஒட்டி, பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வரிசையே இல்லை. பெனிட்டா என்ற பெண் உட்கார வைத்தாள். தூத்துக்குடிப் பெண், ஆதிரையைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம்.

சுகந்தி விஷயத்தைச் சொன்னாள். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அவ எழுதிக் குடுத்ததை நீங்க எனக்குக் காட்ட வேண்டாம். எடுத்துடுங்க, போதும். ஞாயித்துக்கிழமை என் பொண்ணு நிச்சயத்துக்கு அவ முன்னாடி நிக்கணும்" என்றாள்.

பெனிட்டா திரையைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

"மேடம், இங்க யாரும் எழுதிக் குடுக்க முடியாது. யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காதுன்னு இசைவு யார்கிட்டயும் கேக்காது."

"பின்ன?"

"உடம்புகிட்டதான் கேக்கும். எதிர்ல ஒருத்தர் வரும்போது நாடி எப்படித் துடிக்குது, கை வேர்க்குதா, மூச்சு நிக்குதா. அதைப் பேண்டு எடுத்துக்கும். நல்லா இருந்தா அவங்களை அடிக்கடி எதிர்ல கொண்டுவரும். இல்லைன்னா விலக்கி வைக்கும்."

"சரி. அவ உடம்புக்கு என்னைப் பிடிக்கல. அப்படித்தானே சொல்ல வர்றீங்க?"

பெனிட்டா பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். "அவங்களோடதை நான் காட்டக் கூடாது. உங்களோடதை நீங்க கேட்டா காட்டலாம். கேக்கறீங்களா மேடம்? கேக்காமலும் போகலாம்."

"காட்டுங்க. எனக்கு என்ன ஒளிவு மறைவு?"

திரை அவள் பக்கம் திரும்பியது. சமமாக ஓடிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாக எழும்பியிருந்தது. பாம்பை மிதித்தவளின் கோடு மாதிரி. கீழே அது எந்த நேரம், எந்த இடம் என்று போட்டிருந்தது. முல்லை பிளாக் வாசல். காலை நேரம். எதிரே: மஞ்சுளா ராஜ்மோகன்.

"இது அவங்க இங்க குடிவந்த முதல் வாரம். உங்க கோடு ஏறிச்சு. நீங்க திரும்பி வீட்டுக்குள்ள போயிருக்கீங்க. அப்புறம் கோடு இறங்கினதும் மறுபடி கிளம்பியிருக்கீங்க."

சுகந்திக்கு அந்தக் காலை அப்படியே நினைவுக்கு வந்தது. பள்ளியில் துணை முதல்வர் பதவிக்கான நேர்காணலுக்கு அவள் கிளம்பிய காலை. பட்டுப்புடவை, புதுச் செருப்பு. வாசலைத் தாண்டவும் எதிரே அக்கா, கையில் பால் பாக்கெட்டோடு. "எங்கடி காலையிலயே இவ்ளோ அழகா?" என்று முகமெல்லாம் சிரிப்பாக. "போனை மறந்துட்டேன்கா" என்று சொல்லிவிட்டு இவள் உள்ளே போனாள். போய், நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்பினாள். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது எதிரே யாராவது தாலியறுத்தவர்கள் வந்தால், அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவாள். அந்தத் தண்ணீர்தான் அது.

அன்றைக்கு வேலை கிடைத்தது. தண்ணீர் குடித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"தாகமா இருந்தது" என்றாள் இப்போது, யாரும் கேட்காமலே.

பெனிட்டா தலையாட்டினாள்.

"என்னம்மா இது... நான் அப்படிப்பட்டவ இல்ல. நீங்க யாரை வேணும்னா கேளுங்க. என் அக்கா வளையலை உடைக்க விடாதவ நான்."

"தெரியும் மேடம். இங்க வர்ற எல்லாரும் நல்லவங்கதான். மனசு ஒண்ணு நினைக்கும், உடம்பு அதுக்கு முன்னாடியே ஒண்ணு செஞ்சிடும். இது உடம்பை மட்டும்தான் நம்பும்."

சுகந்தி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பூங்கா பச்சையாகத் தெரிந்தது. அப்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. வந்திருக்க வேண்டாம் என்று பிற்பாடு நினைத்தாள்.

"விலக்கி வைக்கும்னா... யாரை விலக்கும்? நான் ஒரு நாளும் சுத்திப் போனதே இல்லையே. நேரா பூங்கா வழியாத்தானே போறேன்."

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சுத்து வழி வரும். யாரோட கோடு அமைதியா இருக்கோ அவங்களுக்கு. அவங்கதானே கஷ்டப்பட மாட்டாங்கன்னு அதோட கணக்கு." பெனிட்டா மெதுவாகச் சொன்னாள். "பூங்கா அவங்களுக்கு வராது. ரயில் சுவரை ஒட்டிப் பின்பாதை ஒண்ணு இருக்கு. அது வழியாத்தான் கடைக்கும் ஸ்டேஷனுக்கும். இன்னும் சில பேருக்கும் அவங்களைப் பார்த்து அந்த மாதிரி ஆகியிருக்கு. அப்புறம் அந்த வழியே அவங்களுக்கு நிரந்தரமாயிடுச்சு."

"அப்ப நான் மட்டும் இல்ல." ஒரு சின்ன ஆறுதலோடு சொன்னாள்.

"நீங்க மட்டும் இல்ல, மேடம். நீங்கதான் முதல்ல."

அஞ்சு நிமிஷ நடைக்கு முட்டி வலியா என்று தான் கேட்டது சுகந்தியின் காதிலேயே கேட்டது.

"இதை எப்படி எடுக்கிறது?"

"நான் எடுக்க முடியாது. நீங்க எடுக்கலாம். நேருக்கு நேர் ஒரு தரம் நின்னு, உங்க கோடு அமைதியா இருந்தா போதும். பழசை அது மறந்துடும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் சுகந்தி. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் குமரகுரு கேட்டபோது, "மெஷின் கோளாறுதான், சரியாயிடும்" என்று சொன்னாள். ஆதிரை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நான் சொல்லல? பெரியம்மாவாவது, நம்மள ஒதுக்கறதாவது!" மகளின் தலையைத் தடவிய கையை என்ன செய்வதென்று சுகந்திக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் தினமும் பயிற்சி செய்தாள். போனில் அக்காவின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் நெற்றியோடு இருக்கிற முகத்தைப் பார்ப்பாள். பொட்டை அழிக்கக் கூடாது என்று அன்றைக்கு அவள் கத்தினாளே தவிர, அக்கா அதை எப்போது விட்டாள், ஏன் விட்டாள் என்று கேட்டதில்லை. படத்தைப் பார்க்கும்போது பட்டை சும்மா இருந்தது. அன்புதான் வந்தது. பத்தாவது பரீட்சையில் இவள் தோற்றபோது அப்பாவின் அடிக்குக் குறுக்கே வந்து நின்ற முகம் அது. இவ்வளவு அன்பு இருக்கும்போது அந்தக் கோடு பொய்யாகத்தான் இருக்க வேண்டும். முல்லை பிளாக் வாசலில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று, சேர்ந்தே மண்டபத்துக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தாள். அக்காவை போனில் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நீ மண்டபத்துக்கு நேரா போகாதே. இங்க வா. தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து கிளம்பறோம்."

"நான் நேராவே வந்துடறேனே சுகந்தி. எதுக்கு உனக்கு வீண் அலைச்சல்?"

"எனக்கு என்ன அலைச்சல்? நீ வர்ற. அவ்வளவுதான்."

"சரிம்மா. வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை முல்லை பிளாக் முழுக்க மல்லிகையும் காப்பியும் மணந்தன. ஆதிரை கண்ணாடி முன்னால் இருந்தாள். சுகந்தி மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பழம், மகளின் நிச்சயப் புடவை எல்லாம் அடுக்கிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். குமரகுரு பின்னால் பழக்கூடையோடு வந்தார்.

வாசலில் கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள்.

கடுகு நிறப் பட்டு. வாழையிலையில் சுற்றின பூப்பந்து கையில். நடந்து வந்ததில் கழுத்தெல்லாம் வேர்வை. ஒரு காலில் மட்டும் பாரத்தைக் கொடுத்து, சற்றுச் சாய்ந்து நின்றிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சுகந்தியின் மனசும் மலரத்தான் செய்தது. அக்கா என்று கூப்பிடக்கூட வாயெடுத்தாள்.

கையில் தாம்பாளம் கனத்தது. மகளின் நிச்சயப் புடவை. கிளம்புகிற நேரம். எதிரே வெறும் நெற்றி.

அவள் நினைக்கவே இல்லை. அதற்குள் நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. உள்ளங்கை ஈரமானது. அடங்கு, அடங்கு என்று அவள் கெஞ்சக் கெஞ்ச இன்னும் வேகமாகத் துடித்தது. மணிக்கட்டில் பட்டை அதிரத் தொடங்கியது. நிற்காமல் அதிர்ந்தது.

கதவு திறக்கவில்லை.

"என்ன இது, கதவுக்கு என்ன ஆச்சு?" என்றார் குமரகுரு. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல நேரத்துல மக்கர் பண்ணுது பாரு."

அக்கா கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். கோபமில்லாத, வருத்தம்கூட இல்லாத குரலில், குழந்தைக்குச் செருப்பு மாட்டுகிறவள் மாதிரி சொன்னாள்:

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு சுகந்தி. திறந்துடும்."

சுகந்தி அவளையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதா? பரவாயில்ல, விடு. நான் பின்னாடி வழியா மண்டபத்துக்கு வந்துடறேன். நீங்க பூங்கா வழியாப் போங்க. நல்ல நேரம் போயிடப் போகுது."

பூப்பந்தைக் கை மாற்றிக்கொண்டு அக்கா திரும்பினாள். பழகின நடை. இரண்டு எட்டு வைப்பதற்குள் கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"அட, சரியாயிடுச்சு!" என்றார் குமரகுரு.

சுகந்தி தாம்பாளத்தை அவர் கூடையின் மேலேயே வைத்தாள். "நீங்களும் ஆதிரையும் பூங்கா வழியா போங்க. நான் வரேன்."

"எங்க போற? ஏய், மூணு பேரும் ஒண்ணாத்தானே..."

"மெஷின் கோளாறு இல்லீங்க" என்றாள். "என் கோளாறு." அவருக்கு அது புரிவதற்குள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டு வருடத்துக்கு மேலாகக் குடியிருந்தும் அவள் பார்த்திராத பாதை அது. ஒரு பக்கம் ரயில் சுவர், ஒரு பக்கம் கட்டடங்களின் முதுகு. மரம் இல்லை. ஆனால் ஆள் இருந்தார்கள். காலை நேரத்தில் இத்தனை பேர் இந்த நகரில் இருக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. முகமெல்லாம் வெண்புள்ளி படர்ந்த ஒரு பெண் காய்கறிப் பையோடு வந்தாள். அமரர் ஊர்தி ஓட்டுநர் சீருடையில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சுவரோரம் யாரோ கொண்டுவந்து போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து பெண்கள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் வெறும் நெற்றிகள். பேச்சும் சிரிப்புமாக இருந்தவர்கள், பட்டுப்புடவையில் ஓடிவருகிறவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். ஒதுங்கி வழி விட எழுந்துகொண்டார்கள். எழுந்துகொண்டதைத்தான் சுகந்தியால் தாங்க முடியவில்லை.

"அக்கா!"

மஞ்சுளா திரும்பினாள். "ஏன்டி இந்தப் பக்கம் வந்த? இன்னைக்குப் போய்!"

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா? அந்த இன்டர்வியூ அன்னைக்கு?"

அக்கா பதில் சொல்வதற்கு முன் நாற்காலிக்காரிகளைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள், தங்கையின் மானம் போகக் கூடாது என்பது மாதிரி.

"போனை மறந்துட்டேன்னு சொன்ன. போன் உன் கையிலதான்டி இருந்துச்சு."

சுகந்திக்கு அந்த இடத்திலேயே சுவருக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது.

"திட்டேன்கா. ஒரு தடவையாவது திட்டியிருக்கக் கூடாதா?"

"திட்டினா நீ அழுவ. அழுதுட்டு, இல்லவே இல்லைன்னு சாதிப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?" அக்கா சிரித்தாள். "எனக்காகச் சண்டை போட்டவ ஒருத்தி இருக்கான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அதையும் நான் கெடுத்துக்கணுமா?"

நாற்காலியில் இருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "மஞ்சு, இவங்கதான் உன் தங்கச்சியா? சண்டைக்காரத் தங்கச்சி?"

"ஆமா. இவதான். இன்னைக்கு இவ பொண்ணுக்கு நிச்சயம்."

"அடடே, நல்லா இருக்கட்டும்!" என்றார்கள் எல்லோரும், ஒன்றாக. ஒருத்தி மட்டும், "ஏம்மா, நாங்க வாழ்த்தலாம்ல?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். சுகந்தியால் சிரிக்க முடியவில்லை. கை கூப்பினாள்.

"வாக்கா, போலாம். பூ வைக்க நேரமாச்சு."

"இப்படியேவா? பேண்டு விடாது, கத்திக்கிட்டே இருக்கும்."

"இருக்கட்டும்."

பின்பாதை நீளமாக இருந்தது. அக்காவின் முட்டிக்கு அது எவ்வளவு நீளம் என்பது, அவள் வேகத்தில் நடந்தபோதுதான் தெரிந்தது. பாதியில் அக்கா தடுமாறினாள். சுகந்தி கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ள அக்காவுக்கு வாகாக அகப்பட்டது மணிக்கட்டுதான். அவள் விரல்கள் பட்டையின் மேலேயே மூடின.

பட்டை அதிர்ந்துகொண்டிருந்தது. சுகந்தி மூச்சை இழுத்துப் பிடித்தாள், அடங்கிவிடும் என்று. அடங்கவில்லை. அக்காவுக்கு அது தெரியாமல் இருக்காது. அவள் உள்ளங்கைக்கு அடியிலேதான் அது துடித்தது.

அக்கா பிடியைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, மண்டபம் இருக்கிற பக்கமாக நடந்தாள்.